முதலாளி முகத்தில் விழுந்த வட்டம்

அத்தியாயம் 6

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் நிறுவனத்தின் இணைய வலைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வலைக்காரி.

அவள் அதைச் சொல்வது அன்றைக்கு மூன்றாவது தடவை. முதல் தடவை சொன்னபோது மேலாளர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். இரண்டாம் தடவை காகிதத்தை இன்னும் நாலு விரற்கடை அவள் பக்கம் தள்ளினார். இப்போது மூடியை எடுத்துப் பேனாவில் திரும்ப மாட்டிவிட்டார். மை காய்ந்துவிடுமே என்ற கவலை அவருக்கு.

"மன்னிப்புக் கடிதம்தானேம்மா. சொத்தை எழுதிக் கொடுக்கச் சொன்ன மாதிரி முறுக்கிக்கிறியே" என்றார் முதலாளி.

"சொத்தைக் கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன் சார். என்கிட்ட அது இல்லவே இல்ல. பேரு ஒண்ணுதான் இருக்கு. அதைத்தான் நீங்க கேக்கறீங்க."

சுவரோரமாக உட்கார்ந்திருந்த கடுகுக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிடமே பிடித்துப் போய்விட்டது. பிடித்ததை முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது தொழில் தர்மம். பக்கத்து நாற்காலியிலிருந்த துருவி அதை ஞாபகப்படுத்த அவள் காலை ஒரு மிதி மிதித்தாள்.

துருவி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. காப்பீட்டு நிறுவனத்தில் இருபது வருடம், எரிந்த கடை, காணாமல் போன நகை, செத்துப்போனதாகச் சொல்லப்பட்டு மறுவாரம் சந்தையில் நடமாடிய ஆள் என்று எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரித்ததில் ஒட்டிக்கொண்டது. வேலையை விட்டுவிட்டு அவள் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டபோது உதவிக்கு வந்தது தம்பி பெண்டாட்டி ஒருத்திதான். ஆள் நாலே முக்கால் அடி. கடுகு என்று கூப்பிடாமல் வேறென்ன கூப்பிடுவார்கள்? நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பது எட்டாவது அதிசயம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அதில் துப்பும் துலக்குகிறார்கள் என்பது ஒன்பதாவது.

இந்த வழக்கு அன்று காலை பதினொரு மணிக்குத்தான் வந்தது.

முதலாளி தயாரிப்பது தீயணைப்பு உருளை. சிவப்பாக, பள்ளிக்கூட நடைபாதையிலும் கடைச் சுவரிலும் தொங்குமே, அதே. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் 'எங்கள் குடும்பம்' என்று தலைப்புப் போட்டு ஒரு படம் இருக்கிறது. மூன்று வரிசையாக இருபத்திரண்டு பேர். எந்த முகத்தைச் சொடுக்கினாலும் அந்த ஆளின் பக்கம் திறக்கும்: என்ன வேலை, எத்தனை வருடம், எந்த எண்ணில் பேசலாம். அன்று காலை ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சாமான் வாங்கும் அதிகாரி, முதலாளியிடம் பேசலாமென்று அவர் முகத்தைச் சொடுக்கியிருக்கிறார். முதலாளியின் பக்கம் திறக்கவில்லை. ஒற்றைத் தாள் அறிக்கை ஒன்று திறந்தது.

'மூன்றாம் தொகுதி. சோதித்தவை பத்து. பீய்ச்சாதவை நான்கு. விற்பனைக்கு அனுப்பக் கூடாது.'

அந்தப் பள்ளிக்கூடம் வாங்க இருந்தது மூன்றாம் தொகுதியில் நாற்பது உருளைகள்.

முதலாளி உடனே வக்கீலைக் கூப்பிட்டார். பக்கத்தை யாரும் தொடாதீர்கள், அது சாட்சி என்றார் வக்கீல். மூன்று மணிக்கு நேரில் வருவதாகவும், அதற்குள் செய்தவரிடம் எழுதி வாங்கி வைக்கும்படியும் சொன்னார். இணையப் பக்கத்தைக் கட்டிக் காப்பவள் வலைக்காரி. ஆகவே செய்தவளும் அவள்தான் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். சாட்சிக்கு ஒரு துப்பறிவாளரின் அறிக்கையும் இருந்தால் நன்றாயிருக்கும் என்று துருவியை அழைத்திருந்தார்.

துருவி அந்தக் கடிதத்தை எடுத்துச் சத்தமாகவே படித்தாள்.

"'நிறுவனரை அவமதிக்கும் எண்ணத்துடன், நானே பொய்யாகத் தயாரித்த அறிக்கையை...' ஓகோ. வெச்சது இந்தப் பொண்ணுன்னு மட்டும் இல்ல, அறிக்கையே பொய்னும் இதுல எழுதியிருக்கே சார்."

"பொய்தானே."

"இதுல கையெழுத்து விழுந்தா மூணாம் தொகுதி நல்ல தொகுதி ஆயிடும்."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். வலைக்காரிதான் சொன்னாள். "அதனாலதாங்க மாட்டேங்கறேன். என் வேலை போனா வேற வேலை தேடிக்குவேன். நான் எழுதிக் கொடுத்த பொய்யை நம்பி எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்துல பீய்ச்சாத சிலிண்டரை மாட்டி வெச்சா, அப்புறம் நான் எங்க போய் முழிக்கிறது?"

"போலீஸ்ல முழி" என்றார் முதலாளி.

"முழிக்கிறேன்."

துருவி கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். "கொஞ்சம் இரும்மா. எனக்கு இது புரியல. ஒரே படம். அதுல ஒவ்வொரு மூஞ்சியும் எப்படி ஒவ்வொரு கதவாச்சு?"

வலைக்காரியின் முகம் மாறியது. குற்றவாளி உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதையே மறந்துவிட்டாள்.

"படம் ஒண்ணுதாங்க. அதுக்கு மேல கண்ணுக்குத் தெரியாம வட்டம் வட்டமா போட்டிருக்கு. ஒவ்வொரு வட்டத்துக்கும் பட்டியல்ல ஒரு வரி. வரிக்கு மூணு எண். படத்தோட இடது மேல் மூலையிலேருந்து வலது பக்கமா எத்தனை புள்ளி, அங்கேருந்து கீழ எத்தனை புள்ளி, வட்டம் எவ்வளவு அகலம். அப்புறம் அதைத் தொட்டா எங்க போகணும்னு ஒரு விலாசம். அவ்வளவுதான்."

"மூஞ்சிக்கு மூஞ்சி வீட்டு எண் போட்டு வெச்சிருக்கே" என்றாள் கடுகு. "ரெண்டு வட்டம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா?"

"பட்டியல்ல எது மேல இருக்கோ அது ஜெயிக்கும்."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான். மேல இருக்கறது இவங்க."

துருவி மடிக்கணினியைக் கடுகின் பக்கம் திருப்பினாள். கடுகு சுட்டியைப் படத்தின் மேல் மெல்ல நகர்த்தினாள். முகத்தின் மேல் போகும்போது அம்புக்குறி கையாக மாறியது. முகத்தைத் தாண்டியதும் மறுபடி அம்பு. முன்வரிசையில் ஒவ்வொருவராக வந்தாள். கை, அம்பு, கை, அம்பு. நடு நாற்காலியில் முதலாளி. கை. நெற்றிக்கு மேலே போனாள், இன்னும் கை. கழுத்துக்குக் கீழே வந்தாள், இன்னும் கை.

"அண்ணி, சாரோட தலை இவ்வளவுதான் இருக்கு. வட்டம் அதுல ரெண்டு பங்கு இருக்கு. தலைக்கனம்னு கேள்விப்பட்டிருக்கேன், அளந்து இப்பதான் பாக்கறேன்."

இரண்டாவது மிதி கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

"பக்கத்துல உக்காந்திருக்கற மேலாளர் சார் காதைத் தொட்டாக்கூட அறிக்கை திறக்குது."

மேலாளர் தன்னை அறியாமல் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. அலுவலகத்தில் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. பதற்றம் வந்தால் உத்தரவு மறந்துவிடும். "அத்தான், என் காதுலயுமா?" என்றார்.

வலைக்காரி எழுந்து வந்து திரையில் பட்டியலைத் திறந்தாள். முதல் வரியைப் பார்த்ததும் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"அறுநூத்திப்பத்து, முந்நூத்தியெழுபது, அறுபது. அறுபதா? மத்த எல்லா வட்டமும் முப்பது. சாரோட மூக்கு இருக்கறது அறுநூறுல, இது பத்துப் புள்ளி தள்ளி விழுந்திருக்கு. சார், நீங்க என்னைத் திருடின்னு சொன்னாக்கூடப் பொறுத்துக்குவேன். இவ்வளவு அசிங்கமா ஒரு வட்டம் போட்டேன்னு சொல்லாதீங்க."

"பாத்தீங்களா" என்றார் முதலாளி துருவியிடம். "அளவெல்லாம் நாக்கு நுனியில இருக்கு. இவளைத் தவிர இந்த வித்தை இங்க யாருக்குத் தெரியும்?"

"நியாயம்தான் சார்" என்றாள் துருவி. "வட்டம் போடத் தெரிஞ்ச ஆள்தான் போட்டிருக்காங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். வலைக்காரி துருவியை ஒரு பார்வை பார்த்தாள். கடுகும் பார்த்தாள். நாத்தனார் இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டால் ஒன்று உடம்பு சரியில்லை, இல்லையென்றால் எதிராளி குழிக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று அர்த்தம். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

"பத்து நிமிஷம் வெளியில போயிட்டு வரோம். அந்தப் படத்தையும் பட்டியலையும் தாள்ல எடுத்துக் கொடுங்க."

வெளியே வரவேற்பு மேசையில் இருந்தவளுக்கு மைக் என்று பெயர். அவள் தொலைபேசியில் பேசினால் அடுத்த முனைக்குத் தொலைபேசியே தேவையில்லை என்பார்கள். கீழ்த்தளத்துப் பட்டறையிலிருந்து சிவப்புப் பெயின்ட்டின் வாசனை படியேறி அவள் மேசைவரை வந்துகொண்டிருந்தது.

"உள்ள என்ன நடக்குதுன்னு நான் கேக்க மாட்டேன்" என்றாள் மைக். "ஏன்னா தடுப்பு பலகைதான், எல்லாம் கேக்குது. அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டுட்டாளா?"

"இல்ல."

"அது."

"இந்த ஆபீஸ்ல வட்டம் போட யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள் துருவி.

"யாருக்குத் தெரியாதுன்னு கேளுங்க. வருஷா வருஷம் புதுப் படம் எடுப்பாங்க. படம் பக்கத்துல ஏறின அன்னைக்கு அவங்கவங்க மூஞ்சிக்கு அவங்கவங்கதான் வட்டம் போடணும். அந்தப் பொண்ணு வெச்ச சட்டம். அடுத்தவங்க மூஞ்சி மேல நான் கை வைக்க மாட்டேன்னுட்டா. பட்டறை ஆளுங்க முதல்ல பயந்தாங்க. இப்ப தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் போடுவாங்க."

"முதலாளிக்கு?"

"அவருக்கு மச்சான் போட்டார். சுட்டியைப் பிடிக்கிற கையா அது?"

மைக் கை காட்டிய இடத்தில், குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே, சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வலைக்காரியின் எழுத்து. 'உன் முகத்துக்கு நீயே வட்டம் போடு. பக்கத்தில் இருக்கும் படத்திலேயே அள, வேறு படத்தில் அளக்காதே. புது வரியைப் பட்டியலில் மேலே சேர்.' அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் கடவுச்சொல்.

"கடவுச்சொல்லை யாரு சுவத்துல எழுதினது?"

"மேலாளர். முன்னாடி ஆளுக்கொண்ணு இருந்துச்சு. வாரத்துக்கு ஒருத்தர் மறந்துட்டு வந்து நின்னாங்க. அலுத்துப்போய் எல்லாருக்கும் ஒண்ணுன்னு ஆக்கிட்டார்."

கடுகு பெருமூச்சு விட்டாள். "உள்ள போகும்போது ஒரே ஒரு ஆள் மேல சந்தேகம். இப்ப ஆபீஸ் முழுக்க. வியாபாரம் நல்லாப் பெருகுது அண்ணி."

"வாயை மூடிட்டு வரியை எண்ணு."

கடுகு பட்டியலை விரல் வைத்து எண்ணினாள். "இருபத்திரண்டு. படத்துல இருக்கற ஆளும் இருபத்திரண்டு. நேராத்தான் இருக்கு."

"நேராவா இருக்கு?"

"இருபத்திரண்டும் இருபத்திரண்டும்..." கடுகு நிறுத்தினாள். "இல்லியே. முதலாளிக்குப் பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணுன்னு ரெண்டு வரி இருக்கு. ஆளுக்கொண்ணுன்னா இருபத்திமூணு இல்ல வரணும். அப்ப யாரோ ஒருத்தருக்கு வரியே இல்ல."

"அதான் எனக்கும் கணக்கு இடிக்குது" என்றாள் துருவி. மைக்கின் பக்கம் திரும்பினாள். "இதே படம் பெருசா எங்கேயாவது இருக்கா?"

"எல்லார் வீட்லயும் இருக்கு. சட்டம் போட்டு மாட்டிக்கங்கன்னு மேலாளர் மெயில்ல அனுப்பினார். பக்கத்துல போட்டிருக்கறது அதுல சரிபாதி. முழுசா போட்டா பக்கம் திறக்கறதுக்குள்ள விடிஞ்சிடும்னு அந்தப் பொண்ணுதான் குறைச்சா."

துருவி மைக்கின் மேசையிலிருந்த ஒரு கோப்பிலிருந்து கட்டும் நூலை உருவினாள். "இதை எடுத்துக்கறேன்" என்றாள், எடுத்துக்கொண்ட பிறகு.

உள்ளே திரும்பியதும் துருவி படம் அச்சடித்த தாளை முதலாளியின் மேசையில் விரித்தாள்.

"சார், உங்க மூஞ்சில குறி வெச்சு யாரோ அடிச்சாங்கன்னு நினைச்சீங்க. நானும் அங்கேருந்துதான் ஆரம்பிச்சேன். குறி வெச்சவன் வட்டத்தை ஏன் ரெண்டு மடங்கு போட்டான்? ஏன் பத்துப் புள்ளி தள்ளிப் போட்டான்? இந்த ஆபீஸ்ல எல்லாரும் ஒழுங்கா வட்டம் போடறவங்க. சுவத்துல ஒட்டியிருக்கற பாடம் அப்படி."

"எந்தச் சுவத்துல?" என்றார் முதலாளி. மேலாளர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அப்புறம் சொல்றேன். வட்டம் ரெண்டு மடங்கு இருக்குன்னா, அளந்த படம் ரெண்டு மடங்கு இருந்திருக்கணும். வீட்டுல இருக்கற பெரிய படத்தை வெச்சு அளந்துட்டு, அந்த எண்ணை இங்க சின்னப் படத்துக்குப் போட்டிருக்காங்க. அப்ப அறுபதுங்கறது உண்மையில எவ்வளவு?"

"முப்பது" என்றாள் வலைக்காரி. அவள் குரல் இறங்கிப் போயிருந்தது. "எங்க அளவு."

"வட்டம் பாதின்னா இடமும் பாதி. கடுகு, நூலோட ஒரு நுனியை இடது மேல் மூலையில பிடி."

கடுகு பிடித்தாள். துருவி நூலை இழுத்து முதலாளியின் முகத்தில், புதிய வட்டத்தின் நடுவில் வைத்து, அந்த இடத்தில் நறுக்கினாள். பிறகு நூலை இரண்டாக மடித்தாள். மூலையில் ஒரு முனையை வைத்து, அதே கோட்டில் மடித்த நூலை நீட்டினாள். பாதி வழியில், பின்வரிசையில், இடது பக்கமாக நின்றிருந்த ஒரு முகத்தில் போய் நூல் நின்றது. மூக்குக் கண்ணாடி, இழுத்து வாரிய நரைமுடி, படத்துக்காகக்கூடச் சிரிக்காத வாய்.

"ஊசியம்மா" என்றாள் வலைக்காரி.

கடுகு மடிக்கணினியில் அந்த முகத்தின் மேல் சுட்டியைக் கொண்டுபோனாள். அம்பு அம்பாகவே நின்றது. கையாக மாறவில்லை. "வரி இல்லாத ஆள் இவங்கதான் அண்ணி."

"யாரு சார் இவங்க?"

முதலாளி மச்சானைப் பார்த்தார். மேலாளர்தான் சொன்னார்: "சோதனை பண்றவங்க. நாள் பூரா அழுத்தமானியில ஊசியைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க, அதனால அந்தப் பேரு. அஞ்சு வாரம் முன்னாடி நிறுத்திட்டோம். அவங்க வரியை நான்தான் எடுத்தேன்."

"ஏன் நிறுத்தினீங்க?"

"மூணாம் தொகுதிக்கு... அத்தான், நீங்களே சொல்லுங்க."

முதலாளி வேறு விதமாகச் சொன்னார். "ஆக, அவதான். வேலை போன ஆத்திரம். ஒளிஞ்சு இருந்து என் மூஞ்சில சேறு பூசியிருக்கா. நல்ல வேலை பண்ணீங்கம்மா. வக்கீல்கிட்ட பேரை மாத்தி எழுதச் சொல்றேன்."

"அவசரப்படாதீங்க" என்றாள் துருவி. "அவங்க நம்பர் என்ன?"

மேலாளர் சொன்னார். துருவி அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"அம்மா, உங்க பழைய ஆபீஸ்ல முதலாளி ரூம்லேருந்து பேசறேன். நான் துப்பறியறவ. அவரும் கேட்டுட்டு இருக்கார். குடும்பப் படத்துல நீங்க ஒரு வட்டம் போட்டீங்களா?"

"போட்டேன்." யோசிக்கவே இல்லை. "வீட்லேருந்தே போட்டேன், கடவுச்சொல்தான் தெரியுமே. ஒன்பது நாளாச்சு. இன்னைக்குத்தான் கூப்பிடறீங்களா? சரி, வேலை போனவ மூஞ்சியை யாரு தொடப் போறாங்கன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

"எந்த மூஞ்சில போட்டீங்க?"

"இதென்ன கேள்வி. என் மூஞ்சிலதான். அடுத்தவங்க மூஞ்சில நாங்க போட மாட்டோம்."

"அது முதலாளி மூஞ்சில விழுந்திருக்கும்மா."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. படத்தில் சிரிக்காத அந்த வாய் இத்தனை பெரிய சிரிப்பை எங்கே ஒளித்து வைத்திருந்ததோ.

"பெரிய படத்துல அளந்துட்டேன் போலிருக்கு. சின்னதுல கண்ணு தெரியல, பெருசை எடுத்து வெச்சுக்கிட்டேன். அளக்காதேன்னு அந்தப் பொண்ணு சுவத்துல ஒட்டியே வெச்சிருந்தா. முப்பது வருஷமா மயிரிழை ஊசி நகர்ந்தா நகர்ந்துச்சுன்னு சொன்னவ, சொந்த மூஞ்சியைத் தப்பா அளந்திருக்கேன் பாருங்க."

"போட்டப்புறம் ஒரு தடவை தொட்டுப் பாக்கலியாம்மா?" என்றாள் கடுகு.

"தொட்டுப் பாத்தா பயந்துபோய் அழிச்சிடுவேனோன்னு கம்ப்யூட்டரை மூடிட்டேன்மா."

"ஒன்பது நாளா ஒரு ஆள்கூட சாரோட மூஞ்சியைத் தொடலைங்கறதை நினைச்சாத்தான் எனக்கு வருத்தமா இருக்கு" என்றாள் கடுகு. இந்தத் தடவை மிதி விழவில்லை.

முதலாளி தொலைபேசியின் மேல் குனிந்தார். "பொய் அறிக்கை தயார் பண்ணி, ஒளிஞ்சுக்கிட்டு..."

"ஒளியறவ தன் மூஞ்சில வைப்பாளா சார்?" என்றது தொலைபேசி. "என்னைத் தொட்டா நான் சொன்னது வரணும். இத்தனை வருஷம் அறிக்கையோட அடியில கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை நீங்க கிழிச்சீங்க. அதனால மூஞ்சியை வெச்சேன். அறிக்கையை நான் புதுசா எழுதல. வேலையில இருக்கறப்பவே நம்ம இணையப் பக்கத்துச் சோதனைப் பகுதியில ஏத்தினது, அங்கேயேதான் கிடக்குது. அதுக்கு வழி மட்டும்தான் போட்டேன்."

"அறிக்கை உண்மைன்னு எப்படி நம்பறது?" என்று கேட்டாள் துருவி. கேட்க வேண்டியது அவள் கடமை.

"அதுக்கு மெஷின் எதுவும் வேணாம். அந்த ரூம்ல கதவுக்குப் பின்னாடி ஒரு சிலிண்டர் தொங்கும். மூணாம் தொகுதி வந்த அன்னைக்கு ஆபீஸ் முழுக்க அதைத்தான் மாட்டினாங்க, அந்த ரூம்லயும். என் அறிக்கையைப் படிச்ச மறுநாள் அவர் ரூம்ல இருந்ததை மட்டும் மாத்தச் சொன்னார். மாத்தினது நான்தான். அடியில தொகுதி எண் இருக்கும், பாருங்க."

கடுகு பார்க்க எழுந்தாள். "உக்காரும்மா" என்றார் முதலாளி. அவள் உட்காரவில்லை. உயரம் எட்டாததால் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, உருளையைக் கொக்கியிலிருந்து கழற்றி, கைக்குழந்தையைப் போலக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"ரெண்டு" என்றாள்.

அதை நாற்காலியில் கிடத்திவிட்டு, கதவைத் திறந்து நடைபாதையில் தொங்கிய உருளையின் அடியை அண்ணாந்து பார்த்தாள். "இது மூணு." மைக்கின் மேசைக்குப் பின்னாலிருந்ததைப் பார்த்தாள். "இதுவும் மூணு."

திரும்பி வந்து நாற்காலியின் அருகில் நின்றாள். அவளுக்கு அப்போது கேலி எதுவும் வாயில் வரவில்லை.

"பொய் அறிக்கையைப் படிச்சுட்டு யாராவது சொந்த ரூம் சிலிண்டரை மாத்துவாங்களா சார்?" என்றாள் துருவி.

முதலாளி வலைக்காரியின் பக்கம் திரும்பினார். குரலில் தேன் தடவியிருந்தது.

"சரிம்மா. நீ இல்லைன்னு ஆயிடுச்சு. நான் கோபத்துல பேசினதை மனசுல வெச்சுக்காத. அந்த வரியை அழிச்சுடு, அறிக்கையையும் எடுத்துடு. உன் வேலைக்கு ஒண்ணும் வராது. அந்தக் கடிதத்துல உன் பேரை எடுத்துட்டு அவ பேரைப் போட்டுக்கறேன். நீ சாட்சின்னு ஒரு ஓரத்துல கையெழுத்துப் போட்டாப் போதும்."

"மேடம்" என்று வலைக்காரி துருவியைக் கேட்டாள், "படம், பட்டியல் ரெண்டும் இருந்தபடி உங்க கையில இருக்கா?"

"ரெண்டு நகல் இருக்கு."

வலைக்காரி மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அம்மா, உங்க வட்டத்தைச் சரி பண்ணட்டுமா?"

"பண்ணு" என்றது தொலைபேசி. "முப்பது போட்டா என் காது வெளியில நிக்கும். முப்பத்திரண்டாப் போடு."

"அதைத் தொட்டா இங்க உனக்கு வேலை இல்ல" என்றார் முதலாளி. தேன் வழிந்தோடிவிட்டது.

"தெரியும் சார். தப்பான வட்டத்தை அப்படியே விட்டுட்டுப் போக எனக்கு மனசு வராது." அவள் மூன்று எண்களை மாற்றினாள். முந்நூற்றைந்து, நூற்றெண்பத்தைந்து, முப்பத்திரண்டு. சேமித்தாள். "இனிமே உங்க மூஞ்சியைத் தொட்டா உங்க பக்கம்தான் திறக்கும். நீங்க கேட்டது அதானே. அவங்க மூஞ்சியைத் தொட்டா அவங்க சொன்னது திறக்கும்."

பிறகு பட்டியலில் தன் முகத்துக்கான வரியைத் தேடி எடுத்தாள். அதன் விலாசத்தை அழித்தாள். அங்கேயும் அதே அறிக்கையின் விலாசத்தை எழுதினாள்.

"என்ன பண்றே?"

"என் மூஞ்சி சார். அதுக்கு நான்தான் வட்டம் போடணும்."

முதலாளி எழுந்தே விட்டார். "மச்சான், ரெண்டையும் அழி. இப்பவே."

மேலாளர் அசையவில்லை. அவர் பார்வை நாற்காலியின் மேல் கிடந்த உருளையின் அடியில் இருந்தது. "அத்தான், என் பசங்க படிக்கிற ஸ்கூலுக்கும் மூணாம் தொகுதிதான் போட்டோம். விலையில கழிவு கொடுத்து நானே போய் மாட்டிட்டு வந்தேன்."

"அழின்னு சொன்னேன்."

"அழிக்கறதுன்னா நீங்களே அழிங்க. கடவுச்சொல் தண்ணிக் குழாய்க்கு மேல சுவத்துல இருக்கு."

இருபத்தெட்டு வயதில் அக்காவின் வீட்டுக்கு வேலை தேடி வந்த நாளிலிருந்து அவர் இப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பேசிவிட்டு அவரே கொஞ்சம் பயந்தார். ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கைபேசியை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தின் எண்ணைத் தேடியபடியே வெளியே போனார்.

முதலாளி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். திரையில் இருபத்திரண்டு வரிகள், வரிக்கு மூன்று எண்கள். எது யாருடைய முகம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் ஒருவர்தான் அந்த அலுவலகத்தில் தன் முகத்துக்குத் தானே வட்டம் போடாதவர்.

"உங்களுக்கு நான் எதுக்குக் காசு கொடுக்கறேன்?" என்று துருவியிடம் சீறினார்.

"யாரு வெச்சதுன்னு கண்டுபிடிக்க. கண்டுபிடிச்சாச்சு. என் அறிக்கை இன்னைக்கே வரும். வெச்சவங்க ஒளியல, வெச்சது பொய்யில்ல, இந்தப் பொண்ணுக்கு இதுல சம்பந்தமில்ல. மூணு வரிதான். வக்கீல் வந்தா அவர்கிட்டயும் ஒரு நகல் கொடுத்துடுங்க."

வலைக்காரி தன் பையை எடுத்துக்கொண்டாள். கடுகு கதவைத் திறந்து பிடித்தாள்.

வெளியே மைக் ஒரு கையால் எதையோ தட்டச்சு செய்துகொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிப் பேசிக்கொண்டிருந்தாள். திரையில் அதே குடும்பப் படம். பட்டியல் திறந்திருந்தது. அவளுடைய வரியில் பாதி விலாசம் அழிந்து, பாதி புதிதாக வந்துகொண்டிருந்தது. கீழே பட்டறையிலிருந்து இரண்டு பேர் படியேறி வந்து, கைப் பெயின்ட்டைத் துணியில் துடைத்துக்கொண்டு, தங்கள் முறைக்காக நின்றார்கள்.

"ஆமாங்க, நம்ம கம்பெனிதான்" என்று மைக்கின் குரல் தடுப்புப் பலகையைத் தாண்டி உள்ளே வரைக்கும் போனது. "உங்க கடையில மாட்டியிருக்கறதைக் கவுத்துப் பாருங்க. மூணுன்னு இருக்கா? அதை நம்பாதீங்க, இன்னைக்கே திருப்பி அனுப்புங்க... யாரு சொன்னாங்கன்னா? நான்தாங்க சொல்றேன். எங்க பக்கத்தைத் திறந்து, நடு வரிசையில வலது ஓரத்து மூஞ்சியைத் தொடுங்க."